மலையிறங்கிப் போன மல்லி

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது, சீர் சாமான்களோடு சேர்த்து ஒரு சாக்கில் குண்டுமல்லிப் பதியன்களையும் கட்டிக்கொண்டு வந்தேன். பாத்திரமும் பாயும் பஸ்ஸின் மேலே ஏறின. செடிகளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப ஈர மண் கல்யாணப் புடவையில் கொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அதுவரை என்னோடு சரியாக இரண்டு வார்த்தை பேசியிருக்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்துச் சாக்கின் வாயை இறுகக் கட்டினார். இந்த ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

சேலத்துக்குத் தெற்கே, கீழ்நாட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மல்லிதான் எங்களுக்குப் பிழைப்பு. விடிவதற்கு முன்னால் மொக்கு பறிக்கப் போனால், வெயில் ஏறும்போது சேலம் மார்க்கெட்டுக்குப் பூ போய்விட்டிருக்கும். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. உள்ளூரிலேயே இன்னொரு மல்லித் தோட்டத்துக்காரருக்கு வாக்கப்பட்டாள். பூ விஷயத்தில் அவள் சொல்வதுதான் எங்கள் குடும்பத்தில் சட்டம். நான் பதியன்களைத் தோண்டிச் சாக்கில் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "அந்தக் குளுருல மல்லி எங்க பூக்கப் போவுது? தழையத்தான் பறிச்சு வெச்சுக்குவ" என்றாள். சொல்லிவிட்டு அவளே குனிந்து வேர் அறாமல் இன்னும் இரண்டு தோண்டியும் கொடுத்தாள். அக்கா அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊரில் ஸ்கூட்டரும் மோட்டார் பைக்கும் ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அதே மலையில் கரடியூரில் பிறந்து இங்கே வந்தவர். காபி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் அவர் தோட்டத்தில் உண்டு. எங்கள் வீட்டின் பின்பக்கத்துப் பொடக்காணியைத் தாண்டி ஒரு சரிவு சும்மா கிடந்தது. அதில் செடி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். என்ன செடி என்று கேட்டவர், மல்லி என்றதும் சிரித்துவிட்டார். சௌசௌ கொடி போட்டாலாவது குழம்புக்கு ஆகும் என்றார்.

அக்கா சொன்னதுதான் நடந்தது. செடி வளர்ந்தது, வளரவில்லை என்று சொல்ல முடியாது. பச்சைப் பசேலென்று கொடிபோல் நீண்டு வேலியெல்லாம் ஏறியது. மண்ணில் பட்ட கிளையெல்லாம் வேர்விட, நான் வெட்டி வெட்டி நட்டு, சரிவு முழுக்க மல்லிப் புதர் ஆகிவிட்டது. பூதான் இல்லை. காலையில் பனிமூட்டம் வந்து உட்கார்ந்தால் பத்து மணிவரை எழுந்திருக்காது. தண்டில் பாசி பிடிக்கும். இலையில் கரும்புள்ளி விழும். ஓடில்லாத நத்தைகள் துளிரை எல்லாம் தின்றுவிடும். மே மாதத்தில் தப்பித்தவறி வரும் மொக்கும் ஒரு சாரலில் சிவந்து, தொட்டால் கையோடு வந்துவிடும். ஒரு வருடத்துப் பூ முழுவதையும் சேர்த்தாலும் ஒரு ஜடைக்குக் காணாது.

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பூ அனுப்புவாள். வாழை இலையில் பொதிந்து, மார்க்கெட்டுக்குப் போகிறவரிடம் சொல்லி, சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். வந்து சேரும்போது எல்லாம் விரிந்து ஓரம் பழுத்திருக்கும். பொட்டலத்தோடு சேதியும் வரும். "மலைக்காரிக்கு அக்கா குடுத்து உட்டாங்க" என்று சொல்லச் சொல்லியிருப்பாள். கண்டக்டரும் அதை ஒரு எழுத்து விடாமல் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தைக் கொடுப்பார். எல்லாம் விளையாட்டுக்குத்தான். இருந்தாலும் பூக்காட்டில் பிறந்துவிட்டு, வாங்கின பூவை வைத்துக்கொள்வது எனக்கு ஒவ்வொரு வெள்ளியும் உறுத்தும்.

இப்படியே சில வருடங்கள் போயின. எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், பொங்கல் முடிந்ததும் குளிர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தை கடைசியிலேயே ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தோம். காலையில் கதவைத் திறந்தால் பனி இல்லை. எதிர்மலை துடைத்து வைத்ததுபோல் தெரிந்தது. மாசி வந்தது, மழை இல்லை. பங்குனியில் காபி பூப்பதற்கென்று ஒரு மழை வர வேண்டும். அதுவும் வரவில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்களாம். வீட்டுக்காரம்மாவும் காபிச் செடியின் வாடிய இலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. ஒருநாள் சரிவில் இறங்கி நின்றேன். காலுக்கடியில் மண் பொரபொரவென்று இருந்தது. அந்த மண்ணின் வாசம் எங்கள் ஊர் மல்லிக் காட்டின் வாசம். மல்லித் தண்டில் இருந்த பாசி காய்ந்து, நகத்தால் சுரண்டியதும் தோலாக உரிந்து விழுந்தது. நத்தை ஒன்றுகூட இல்லை. களையை இழுத்தால் அடிவேரோடு வந்து, போட்ட இடத்திலேயே காய்ந்து சருகானது. மழை வருடங்களில் பிடுங்கிப் போட்ட களை மறுபடி வேர்பிடித்து எழுந்து நிற்கும். இந்த வெயில் மல்லிக்காகவே வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

கீழே எங்கள் ஊரில் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிட்டு, பிறகு கவாத்து செய்வார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு கிளை விடமாட்டார்கள். மலையில் அந்தத் தைரியம் எனக்கு வந்ததே இல்லை. வெட்டின இடத்தில் ஈரம் இறங்கி அழுகிவிடும். அந்த வருடம் என் வீட்டுக்காரரிடம் தகரம் வெட்டும் கத்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஒரே நாளில் சரிவு முழுவதையும் மொட்டையடித்தேன். கை கொப்பளித்துவிட்டது. மாலையில் வந்து பார்த்த வீட்டுக்காரம்மா பதறிப்போனார்.

"பச்சைச் செடிய இப்பிடி வெட்டிப்புட்டியே அம்மிணி. இந்த வெயில்ல துளுக்குமா அது?"

"துளுக்குமுங்க. இதுக்கு இந்த வெயில்தானுங்க வேணும்" என்றேன். வாயால் சொல்லிவிட்டேனே தவிர, இரவு படுத்தால் அந்த மொட்டைக் குச்சிகள்தான் கண்முன் நின்றன.

அடுத்த சிக்கல் தண்ணீர். வீட்டுக்காரம்மாவின் கிணறுதான் இரண்டு வீட்டுக்கும். அது பாதிக்குக் கீழே போனதும் அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குடிக்க, சமைக்க, துவைக்க எடுத்துக்கொள்ளலாம், பூச்செடிக்கு ஒரு குடம்கூடக் கூடாது. தன் ஆரஞ்சு மரங்களுக்கே அவர் எடுக்கவில்லை. அதனால் நான் வாதாடவில்லை. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர், சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரம் அலசின தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பழைய டின்னில் சேர்த்தேன். குளிக்கிற தண்ணீர்தான் அதிகம். ஆனால் சோப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது. அதனால் அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் பயத்தமாவும் சீயக்காயும்தான் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாரும் என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். நாளெல்லாம் கிரீசிலும் ஆயிலிலும் கையை விட்டு வேலை செய்கிற மனிதர் பயத்தமாவு தேய்த்து என்ன செய்வார்? கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மண்வெட்டியை எடுத்தார். குளிக்கிற கல்லிலிருந்து சரிவுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, புதருக்குப் புதர் கிளை பிரித்து, தண்ணீர் திருப்பத் தகரத்தில் சின்னச் சின்ன மடைகளும் செய்து மாட்டிவிட்டார். கையில் இருந்த கிரீசைப் பட்டறையிலேயே மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் துடைத்து, அங்கேயே கழுவிக்கொண்டு வரவும் பழகிக்கொண்டார். "உங்கூட்டு மல்லிக்கு இன்னைக்கு எந்தப் பக்கம் மடை தெறக்கோணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் குளிக்க உட்காருவார்.

சரிவுக்குக் கீழே ஒரு குட்டை இருந்தது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும். அந்தக் கோடையில் அதுவும் வற்றி, அடியில் கறுப்பு வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எத்தனை வருடத்து இலை மக்கின மண்ணோ, கையில் எடுத்தால் காபித்தூள்போல் உதிரும். வீட்டுக்காரம்மாதான் முதலில் அதைக் கண்டுபிடித்தார். "மழை இல்லாததுக்கு இதாச்சும் கெடச்சுதே" என்று அவர் கூடையை எடுக்க, நானும் ஒன்றை எடுத்தேன். அவர் ஆரஞ்சு மரங்களுக்குச் சுமந்தார், நான் மல்லிக்குச் சுமந்தேன். வண்டல் மேலே சில்வர் ஓக் சருகை மூடாக்காகப் பரப்பினோம். அவர் களத்தில் காயப்போட்ட மிளகு, பூஞ்சணம் பிடிக்காமல் இரண்டே வெயிலில் கறுத்துச் சுருங்கியது. வேலியோரம் நான் சும்மா தூவிவிட்ட தக்காளி, அழுகாமல் செடியிலேயே சிவந்து பழுத்தது. ஏற்காட்டில் செடியில் பழுத்த தக்காளியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதை ரசம் வைத்து அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். குடித்துவிட்டு, காபி போனாலும் நாக்குக்கு ஏதோ வந்திருக்கிறது என்றார்.

சித்திரை பிறந்த கையோடு வெட்டின இடமெல்லாம் துளிர்த்தது. துளிரின் நுனியில் பச்சை மணிபோல் மொக்கு. சிவக்குமோ, உதிருமோ என்று நாலு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சிவக்கவில்லை. வெளுத்து, பருத்து, கீழ்நாட்டு மொக்கையே சின்னதாக்கிவிடும்படி உருண்டு நின்றது. முதல் நாள் பறித்தது முந்தானை முடிச்சுக்குத்தான் காணும். அடுத்த வாரம் ஒரு தூக்குப்போசி நிறைய. அதற்கடுத்து, அதிகாலையில் குனிந்தால் கூடை நிரம்பித்தான் நிமிர முடிந்தது. முதல் சரத்தைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதை வீட்டுக்காரம்மா கொண்டையில் நானே சுற்றினேன். அவர் உள்ளே போய் கண்ணாடி பார்த்துவிட்டு வந்து, தோட்டத்துக்குப் போகிற வழியில் நாலு வீட்டில் நின்று பேசிவிட்டுப் போனார். சாயங்காலம் அந்த நாலு வீட்டுப் பெண்களும் என் பொடக்காணியில் நின்றார்கள். ஊருக்குள் பூவாசம் வராத வீடு இல்லை. கீழே இருந்து பூவை எதிர்பார்க்காமலேயே வெள்ளக்கடைப் பெண்கள் தலையில் பூ இருந்தது.

இதில் ஒன்றை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அக்காவிடமிருந்து பொட்டலம் வந்து பல வாரம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் கண்டக்டரிடம் விசாரித்தார். கீழே பூவே இல்லை என்றாராம் அவர். கிணறெல்லாம் வறண்டு, மல்லிக் காடு குச்சிக் காடாக நிற்கிறது, சேலம் மார்க்கெட்டில் கதம்பம் கட்டக்கூட மல்லி இல்லை என்றாராம். மலையில் என் செடியைப் பூக்க வைத்த அதே வெயில்தான் அங்கே அக்கா செடியைப் பொசுக்கியிருந்தது.

மறுநாள் பறித்ததில் நல்ல மொக்காகப் பொறுக்கி, வாழை இலையில் ஈரத்துணி சுற்றிப் பொதிந்தேன். மலை இரவுகள் குளுமையாக இருப்பதால் என் மொக்குகள் சீக்கிரம் விரியாது. ஊர் போய்ச் சேரும்வரை இறுகியே இருக்கும் என்று தெரியும். பொட்டலத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தபோது, என்ன சேதி சொல்லட்டும் என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்: "மலைக்காரி குடுத்து உட்டான்னு சொல்லுங்க."

மூன்றாம் நாள் அக்கா வந்து நின்றாள். நான் கல்யாணமாகி வந்த பிறகு அவள் மலையேறியது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பை, முகத்தில் புழுதி. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், "எங்க செடி?" என்றாள். யாரிடமோ வாங்கி அனுப்பியிருக்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சரிவுக்குக் கூட்டிப்போனேன். அப்போது உச்சி வெயில். காலையில் பறித்தது போக மறுநாளைக்கான மொக்குகள் புதரெல்லாம் வெளுத்து நின்றன.

அக்கா ஒவ்வொரு புதராகப் போனாள். வெட்டின இடத்தைத் தடவினாள். மூடாக்கை விலக்கி மண்ணை எடுத்து முகர்ந்தாள். வாய்க்காலைப் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். எங்கூட்டுக்காரர் குளிக்கிற தண்ணி என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் வாய்க்காலோரம் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

"இந்த வருசம் மொக்கையே கையில தொடல புள்ள" என்றாள்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டி, தேருக்கு நாளும் குறித்தாகிவிட்டது. தேருக்கும் அம்மனுக்கும் மல்லி கொடுப்பது அக்கா வீட்டு முறை. மாமனார் காலத்திலிருந்து ஒரு வருடமும் நின்றதில்லை. இந்த வருடம் காட்டில் பூ இல்லை, மார்க்கெட்டிலும் இல்லை. கோயில் முன்னால் போய் இல்லை என்று சொல்லத் தன் புருசனுக்கு வாய் வரவில்லை என்றாள். சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "உன்னால குடுக்க முடியுமா கண்ணு?" என்றாள்.

இத்தனை வருடம் நான் காத்திருந்த பேச்சு அது. பதிலுக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை யோசித்து வைத்திருந்தேன். "எத்தன கூடை வேணும்க்கா?" என்று மட்டும் கேட்டேன்.

தேர் அன்று விடியற்காலை எல்லாரும் சரிவில் இறங்கினோம். அதுவரை எங்களோடு தங்கிவிட்ட அக்கா, நான், என் வீட்டுக்காரர், கூப்பிடாமலே வந்த வீட்டுக்காரம்மா. அக்காவின் கை வேகம் எனக்கு வராது. இரண்டு கையாலும் பறிப்பாள், கையைப் பார்க்கவே மாட்டாள். ஒரு கிளையில் ஐந்தாறு மொக்குகள் சேர்ந்து நின்றால் அவளுக்குத் தாங்காது; "இதப் பாரு, இதப் பாரு" என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள். வீட்டுக்காரம்மா அன்று ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கூடைகளின் மேல் துணி நனைத்துப் போட்டார். சாமிக்குப் போகிற பூவுக்கு ஒரு குடம் போகட்டும் என்றார்.

பஸ்ஸில் கூடைகளை ஏற்றியபோது கண்டக்டர் நம்பவில்லை. அந்த ஒரு பொட்டலம் தவிர, மேலே வருகிற பூவைத்தான் அவர் பார்த்திருக்கிறார். "இத்தனையும் கீழ போகுதுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, டிரைவர் பக்கத்துச் சீட்டைக் கூடைகளுக்கே ஒதுக்கிக் கொடுத்தார். வளைவுக்கு வளைவு சூடு ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எந்த ஊர்ப் பூ என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

ஊரில் அக்கா வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது. கூடையின் மேல் துணியை எடுத்ததும் வாசம் அடித்தது பாருங்கள்! வெயிலில் வெந்த அந்த ஊரில் பல வாரமாக அப்படி ஒரு வாசம் யாரும் பிடித்திருக்கவில்லை. பத்துப் பெண்கள் உட்கார்ந்து கட்டினார்கள். அம்மனுக்கு ஆளுயர மாலை, தேரைச் சுற்றிச் சரம் சரமாக, மிச்சம் வந்ததில் கட்டினவர்கள் தலைக்கெல்லாம் ஒவ்வொரு முழம். சாயங்காலம் தேர் நிலையிலிருந்து அசைந்தபோதுதான் மொக்கெல்லாம் விரியத் தொடங்கியது. கீழ்நாட்டுப் பூ மதியமே விரிந்திருக்கும்.

தேர் கோயிலைச் சுற்றி வந்து நின்றதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் அக்காவின் புருசனிடம், இந்தப் பஞ்சத்தில் உங்கள் காட்டில் மட்டும் எப்படிப் பூத்தது என்று கேட்டார். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"எங்க காட்டுப் பூ இல்லீங்க. ஏற்காட்டுப் பூவு. எந்தங்கச்சி வெச்ச செடி. அந்த மலையில மல்லி வராதுன்னு நாந்தான் சொன்னேன். அவ பூக்க வெச்சுட்டா."

அத்தனை பேர் முன்னால், அத்தனை சத்தமாக. எனக்குக் காது சூடாகிவிட்டது. தலைகுனிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். நன்றாக நிமிர்ந்துதான் நின்றேன்.

இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். பஸ் பாதி மலை ஏறும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளக்கடையில் இறங்கும்போது பெருந்துளியாக விழ ஆரம்பித்து, வீடு போய்ச் சேர்வதற்குள் தொப்பலாகிவிட்டேன். வீட்டுக்காரம்மா களத்தின் நடுவில், குடையில்லாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். நரைமுடி எல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "உன்ர பண்டிகை முடிஞ்சுது அம்மிணி, இனி என்ர பண்டிகை" என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு நானும் அவரோடு மழையில் நின்றேன். அதற்குப் பின் பத்து நாளில் அவர் காபிச் செடிகள் பூத்தன. வழக்கமான மகசூல் இல்லைதான், ஆனால் முழுசாகப் போகவும் இல்லை. வண்டல் போட்ட ஆரஞ்சு மரங்கள் அந்த வருடக் கடைசியில் கிளைக்கு முட்டுக்கொடுக்கும்படி காய்த்தன. பழத்தை அவர் கூடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, உன் அக்காவுக்கும் பாதியைக் கீழே கொடுத்தனுப்பு என்றார்.